தூக்கி வைத்த பத்து

"நாலு வார்த்தை பேசும்மா" என்று என்னை ஒலிபெருக்கியின் முன்னால் நிறுத்திவிட்டு, நான் நாலு வார்த்தையோடு நிறுத்தமாட்டேன் என்று தெரிந்ததால் இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் அவைத் தலைவரும் எங்கள் பிரிவுத் தலைவருமான ஐயா அவர்களே! நான் கோத்த பக்கங்களையெல்லாம் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவரும், 'பூதக்கண்ணாடி' என்று எங்களால் அன்போடும் அதைவிட அதிகமாக அச்சத்தோடும் அழைக்கப்படுபவருமான மெய்ப்புத் திருத்தும் அண்ணன் அவர்களே! அச்சு இயந்திரத்தின் இரைச்சலுக்குப் பாதிக் காதைக் கொடுத்துவிட்டு மீதிக் காதோடு என் பேச்சைக் கேட்க வந்திருக்கும் இயந்திரப் பிரிவுப் பெரியோர்களே! நாங்கள் கோத்ததை மடித்து, தைத்து, ஒட்டி, உலகத்துக்குப் புத்தகமாக அனுப்பி வைக்கும் கட்டுமானப் பிரிவுத் தாய்மார்களே! இந்த ஒலிபெருக்கியை என் உயரத்துக்கு இறக்கி வைத்தவரே, உங்களுக்குத் தனி வணக்கம். ஏற்றுவதும் இறக்குவதும் எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது எனக்குத் தெரியும்!

மூன்றாம் வரிசையின் ஓரத்தில், என் ஒரே அழைப்பை ஏற்று வந்து அமர்ந்திருக்கும் என் விருந்தினரே! நீங்கள் யார் என்பதை நான் இப்போது சொல்லப் போவதில்லை. போகப் போக இந்த அவையே தெரிந்துகொள்ளும். உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அதோ, அந்த மேசையில் ஒரு கேடயம் இருக்கிறது. அதில் என்ன பொறித்திருக்கிறார்கள் தெரியுமா? 'பிழையில்லாக் கை'. எங்கள் பிரிவில் ஒரு பதிவேடு உண்டு. யார் எந்தப் பக்கத்தில் என்ன தவறு செய்தார் என்று தேதியோடு எழுதி வைக்கும் பிழைப் பதிவேடு. அதில் இருபத்திரண்டு ஆண்டுகளாக என் பெயருக்கு நேரே ஒரு வரிகூடக் கிடையாது. ஒரு வரிகூட! அதற்காகத்தான் இந்த விழா, இந்தக் கேடயம், இந்தக் கைதட்டல். கேடயத்தைக் கொடுத்துவிட்டு என்னைப் பேச அழைப்பதாகத்தான் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. நான்தான் தலைவர் ஐயாவிடம், "முதல்ல பேசிடறேன் ஐயா, அப்புறம் வாங்கிக்கறேன்" என்று கெஞ்சி வரிசையை மாற்றிக்கொண்டேன். ஏன் மாற்றினேன்? சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

என் தொழில் என்னவென்று என் மாமியாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. "மருமக என்ன வேலை பாக்குறா?" என்று யாராவது கேட்டால், "எழுத்த மேல ஏத்தி கீழ எறக்குறா" என்பார். அதைக் கேட்டுவிட்டு, "பாவம், முதுகு வலிக்காதா?" என்று என்னிடம் வந்து விசாரித்தவர்களும் உண்டு. ஆனால் யோசித்துப் பார்த்தால், என் தொழிலை என் மாமியாரைவிடச் சரியாகச் சொன்னவர் எவருமில்லை.

நான் கணிதம் கோப்பவள். பாடநூலிலும் வினாத்தாளிலும் வருகிற கணக்குகளைக் கணினியில் கோத்துப் பக்கமாக்கித் தருபவள். கணக்கில் ஓர் எழுத்தின் தோளுக்கு மேலே சின்னதாக ஓர் எண் உட்காரும்; அது மேலெழுத்து. காலடியில் சின்னதாக ஓர் எண் உட்காரும், அது கீழெழுத்து. உருவம் ஒன்று, பருமன் ஒன்று, உட்காரும் இடம் மட்டும்தான் வேறு. ஆனால் இடம் மாறினால் என்ன ஆகிறது? காலடியில் உட்கார்ந்த இரண்டு வெறும் பெயரைத்தான் சொல்லும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் பெரியவன், சின்னவன் என்கிறோமே, அதுபோல 'நான் இரண்டாமவன்' என்று அடக்கமாகச் சொல்லும். அதே இரண்டு தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டால்? 'உன்னை உன்னாலேயே பெருக்கு!' என்று ஆணையிடும்! கீழே இருக்கும்வரை அடையாளம். மேலே ஏறிவிட்டால் அதிகாரம்! யாரோ சிரிக்கிறீர்கள். ஐயா, நான் கணக்கைப் பற்றித்தான் பேசுகிறேன், அலுவலகத்தைப் பற்றிப் பேசவில்லை.

இதைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? 'கொஞ்சம் மேலே தள்ளி உட்கார்' என்றால் அதற்குப் புரியுமா? புரியாது. அதற்காகவே ஒரு குறிமொழி இருக்கிறது. மேலே ஏற்ற வேண்டுமா? எண்ணுக்குப் பக்கத்தில் கூரை போல் ஒரு குறி. கீழே இறக்க வேண்டுமா? ஓர் அடிக்கோடு. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூரைக்குறி இருக்கிறதே, அது மகா கஞ்சன்! தனக்குப் பின்னால் நிற்கும் ஒரே ஓர் எழுத்தைத்தான் மேலே ஏற்றும். 'இரண்டின் அடுக்குப் பத்து' வேண்டும் என்று இரண்டு, கூரை, ஒன்று, பூச்சியம் என வரிசையாகத் தட்டினால், பத்தில் இருக்கும் ஒன்று மட்டும் மேலே போய்விடும். பூச்சியம் தரையிலேயே நின்றுகொண்டு அண்ணாந்து பார்க்கும்.

பத்து முழுதாக மேலே ஏற வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? ஒன்றையும் பூச்சியத்தையும் சேர்த்து, இரண்டு பக்கமும் நெளிந்த அடைப்பு போட வேண்டும். அந்த நெளிந்த அடைப்புக்கு எங்கள் பிரிவில் ஒரு பெயர் உண்டு: அணைப்பு. பார்க்க அப்படித்தானே இருக்கிறது? இரண்டு கையையும் நீட்டி அணைத்துக்கொண்டதுபோல! எங்கள் பிரிவுக்குள் வந்தால் நாள் முழுக்க இதே பேச்சுதான் காதில் விழும். "அணைச்சியா?" "அணைச்சிட்டேன்." "ரெண்டாவது வரியில அணைக்காம விட்டுட்டியே!" ஒருமுறை மின்விசிறியைச் சரிசெய்ய ஒருவர் வந்திருந்தார். பூதக்கண்ணாடி அண்ணன் தம் இடத்திலிருந்து என்னைப் பார்த்து, "எல்லாத்தையும் அணைச்சாச்சா?" என்று உரக்கக் கேட்டார். அதைக் காதில் வாங்கிய அந்த மனிதர், உத்தரவு நமக்குத்தான் என்று நினைத்து, ஓடிப்போய் மொத்தப் பிரிவுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். அன்று பதினான்கு பக்கம் காற்றில் போயிற்று!

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் நம் மொழி விளையாடுகிற விளையாட்டைப் பாருங்கள். விளக்கை அணைப்பதும் அணைப்புதான்; பிள்ளையை அணைப்பதும் அணைப்புதான். ஒன்று இருட்டாக்கும், ஒன்று சேர்த்துப் பிடிக்கும். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு நாள் செய்தது இந்த இரண்டில் எது என்று பிறகு நீங்களே சொல்வீர்கள்.

இவ்வளவு சின்ன எண்ணுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கத் தோன்றும். சின்னதா? தமிழ் படித்தவர்கள் அப்படிக் கேட்கலாமா? தலைக்கு மேல் வைக்கும் ஒரு புள்ளியில் உயிர் போகிற மொழி நம் மொழி! 'க' என்று எழுதித் தலையில் ஒரு புள்ளி வைத்தால் அதற்குள் இருந்த அகரம் அடங்கிப்போகிறது. ஓலையில் எழுதிய காலத்தில், புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள். படிப்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். 'என் பல் போயிற்று' என்று எழுத நினைத்துப் புள்ளியை விட்டுப்பாருங்கள். போனது ஒன்றல்ல, பல! தமிழனுக்கு மேலெழுத்து புதிதில்லை ஐயா. நாம் எழுதப் பழகிய நாளிலேயே தலைக்கு மேல் இருப்பதைப் பார்த்துப் படிக்கப் பழகியவர்கள்.

ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. 'பத்து நிமிடத்தில் முடிக்கவும்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பத்தின் தோளில் ஒரு சின்ன இரண்டை வைத்திருந்தால் எனக்கு நூறு நிமிடம் கிடைத்திருக்கும்! பரவாயில்லை, பத்தே போதும். இதுவரை பேசியதெல்லாம் பயத்தில் பேசியது. சொல்ல வந்ததைச் சொல்லத் தைரியம் வருகிறவரை உங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேடயம் எனக்கு உரியதல்ல.

இல்லை, கைதட்டாதீர்கள். இது அவையடக்கம் இல்லை. உண்மையைச் சொல்கிறேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். ஆசிரியர் பணிக்கான தேர்வு. அதன் கணித வினாத்தாளை நான்தான் கோத்தேன். எல்லாம் முடிந்து, குறிமொழியிலிருந்து பக்கமாக மாறி, அச்சுக்குப் போகத் தயாராக இருந்த வேளையில், வினா எழுதியவர்களிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. முப்பத்தேழாம் வினாவை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடச் சொன்னார்கள். புதிய வினா இதுதான்: இரண்டின் அடுக்குப் பத்தும் இரண்டின் அடுக்குப் பத்தும் கூட்டினால் எவ்வளவு? நான்கு விடைகள். இரண்டின் அடுக்குப் பதினொன்று, இரண்டின் அடுக்கு இருபது, நான்கின் அடுக்குப் பத்து, நான்கின் அடுக்கு இருபது.

அவசரத்தில் தட்டினேன். பக்கமாக மாற்றினேன். அச்சுப்படி எடுத்துப் பார்த்தால், ஆறு இடத்திலும் முதல் இலக்கம் மேலே, இரண்டாம் இலக்கம் தரையில்! ஆறு இடத்திலும் அணைப்பை மறந்திருந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் செய்யாத தவறு. முதல் மாதத்தில் சேர்ந்தவர்கள் செய்கிற தவறு.

விதி என்ன? குறிமொழிக்குத் திரும்பிப் போக வேண்டும். அணைப்பைப் போட வேண்டும். தாள் முழுவதையும் மறுபடி பக்கமாக்க வேண்டும். மெய்ப்பு மறுபடி பார்க்க வேண்டும். கடைசியாக, அந்தப் பதிவேட்டைத் திறந்து, தேதி போட்டு, என் பெயரை எழுதி, 'ஆறு இடங்களில் அணைப்பு விடுபட்டது' என்று ஒரு வரி எழுத வேண்டும். ஒரே ஒரு வரி! அரை மணி நேர வேலை. அந்த அரை மணியை நான் தந்திருப்பேன். அந்த ஒரு வரியைத் தர எனக்கு மனம் வரவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குறிமொழியின் பக்கமே போகவில்லை. பக்கத்திலேயே கையை வைத்தேன். இருநூற்றுப் பத்து என்று வெறும் எண்ணாக அடித்தேன். அதில் பத்தை மட்டும் தேர்ந்தெடுத்துச் சின்னதாக்கினேன். அப்படியே அதைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தேன். எங்கள் தொழிலில் இதற்குத் 'தூக்கு' என்று பெயர். ஆறு தூக்கு. இரண்டே நிமிடம். பார்த்தால் அச்சு அசலாக இரண்டின் அடுக்குப் பத்து! எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

அண்ணன் வந்தார். "முப்பத்தேழ மாத்திட்டியாம்மா?"

"மாத்தியாச்சு அண்ணே."

"பத்தெல்லாம் அணைச்சியா?"

"அணைச்சிட்டேன்" என்றேன்.

அவர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஆறு இடத்தையும் பார்த்தார். "சுத்தம்" என்றார். அண்ணே, உங்கள் கண் அன்று தவறவில்லை. கண்ணுக்கு எட்டாத இடத்தில் நான் பொய் சொன்னேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் உங்களிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறீர்கள். என்னைத் திட்ட வேண்டும் என்றால் நாளைக்குத் திட்டுங்கள் அண்ணே, இன்றைக்கு என்னைப் பேச விடுங்கள்.

போன திங்கட்கிழமை, மதிய உணவு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். வரவேற்பு மேசையில் ஒரு பெண் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போனேன். முப்பது வயது இருக்கும். கையில் மடக்கிய வெள்ளைக்கோல். தோளில் ஒரு பை.

"கணக்குத் தாளு நீங்கதான் கோத்தீங்களா அக்கா? தாளோட அடியில உங்க பிரிவு முகவரி இருக்குன்னு என் சிநேகிதி படிச்சுச் சொன்னா."

"ஆமா, நான்தான். என்ன விஷயம்?"

"எனக்குப் பிறவியிலேர்ந்து பார்வை கிடையாது அக்கா. கணக்கு வாத்தியாருக்குப் பரீட்சை எழுதினேன். எங்களுக்குத் தாளைக் கணினி படிச்சுக் காட்டும். முப்பத்தேழாவது கேள்வியை ஒரு தடவ கேளுங்களேன்."

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். காதொலிப்பானை என் கையில் கொடுத்தார். நான் காதில் வைத்தேன். இயந்திரக் குரல் சொல்கிறது: 'முப்பத்தேழு. இருநூற்றுப் பத்து கூட்டல் இருநூற்றுப் பத்து எவ்வளவு? இருநூற்றுப் பதினொன்று. இருநூற்று இருபது. நானூற்றுப் பத்து. நானூற்று இருபது.'

கணினி உருவத்தைப் பார்ப்பதில்லை; தூக்கி வைத்தது அதற்குத் தெரியாது, நான் அடித்த எண்ணைத்தான் அது படித்தது. அவையோரே, தாய்மார்களே! இருநூற்றுப் பத்தும் இருநூற்றுப் பத்தும் எவ்வளவு? சொல்லுங்கள். ஆமாம், நானூற்று இருபது! அந்தப் பெண்ணும் அதைத்தான் குறித்தார். சரியான விடை! நான் அவரிடம் கேட்ட கேள்விக்குச் சரியான விடை! ஆனால் திருத்துகிறவர்கள் கையில் இருந்த அச்சுத்தாளில் அது நான்கின் அடுக்கு இருபது. தவறான விடை. அவர் கூட்டியது சரி, நான் காட்டியது தவறு. அவர் கேட்டது சரி, நான் கோத்தது தவறு. மதிப்பெண் மட்டும் போனது அவருக்கு!

"கேள்வி இவ்ளோ லேசா இருக்கேன்னு அப்பவே சந்தேகம் அக்கா" என்றார். "வாத்தியார் வேலைக்கு இருநூத்திப் பத்தையும் இருநூத்திப் பத்தையும் கூட்டச் சொல்வாங்களா? மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். அவரு தாளைப் பாத்துட்டு, 'எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு, எழுது'ன்னுட்டாரு. ஒரு மார்க்ல போச்சு அக்கா. ஒண்ணே ஒண்ணு. மனு போட்டேன். 'அச்சிட்ட தாளில் பிழை ஏதும் காணப்படவில்லை'ன்னு பதில் வந்திருக்கு. மேல்மனுவுக்கு அடுத்த திங்கட்கிழமை சாயந்தரம் அஞ்சு மணியோட கெடு முடியுது. நான் தப்பாக் கேட்டேனா, இல்ல தப்பாச் சொன்னாங்களா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

பிழை ஏதும் காணப்படவில்லை! எப்படிக் காணப்படும்? காண்பதற்கென்றே ஒப்பனை செய்து வைத்தவள் நான் அல்லவா! கண் உள்ளவர் ஆயிரம் பேர் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத தவறு, கண் இல்லாத ஒருவர் காதில் ஒரே முறை கேட்டதும் பிடிபட்டுவிட்டது.

நான் என்ன பதில் சொன்னேன்? 'என் தவறுதான்' என்றேனா? சொல்லவில்லை. "ஃபைலப் பாத்துட்டுச் சொல்றேன்மா" என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? ஆறு இடமும் எனக்கு மனப்பாடம். அவர் கோலை விரித்துக்கொண்டே, "சரிக்கா, உங்க குரல் எனக்கு ஞாபகம் இருக்கும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. வியாழக்கிழமை இந்த விழா அழைப்பிதழ் வந்தது. என் பெயர் கொட்டை எழுத்தில்! வீட்டில் கொண்டுபோய்க் காட்டினேன். என் கணவர் பேருந்து ஓட்டுநர். அதோ, பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில், நான் பார்ப்பது தெரிந்தும் வேறெங்கோ பார்க்கிறாரே, அவர்தான். அழைப்பிதழைப் பார்த்துச் சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து, "என்ன, சந்தோஷமா இருக்க வேண்டியவ இஞ்சி தின்ன மாதிரி இருக்க?" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடிவில், "யாருக்குமே தெரியாதுங்க" என்றும் சொன்னேன்.

அவர் தட்டிலிருந்து தலை நிமிராமல், "சிவப்பு விளக்குல நிக்காமப் போயிட்டு, யாரும் பாக்கலைன்னா, நான் நின்னதா ஆயிடுமா?" என்றார். பிறகு, "மோர் ஊத்து" என்றார். அவ்வளவுதான். அவர் மேடையில் பேசுகிறவர் இல்லை. ஆனால் அன்று அவர் பேசியதைவிட நல்ல பேச்சை நான் இந்த மேடையில் பேசிவிட முடியாது.

நேற்று அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசினேன். "நாளைக்கு ஒரு விழா இருக்கும்மா. வரணும் நீங்க."

"என்ன விழா அக்கா?"

"நான் பேசுற விழா. நீங்க வந்து கேக்கணும்."

"கேக்குறதுல நான் கெட்டிக்காரி அக்கா, வந்துடறேன்" என்று சிரித்தார்.

வந்திருக்கிறார். மூன்றாம் வரிசையின் ஓரத்தில் அமர்ந்திருக்கிறார்.

அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்கு இதோ என் பதில். ஒரு வாரம் தாமதமான பதில். நீங்கள் தவறாகக் கேட்கவில்லை. நாங்கள் தவறாகச் சொன்னோம். இல்லை, 'நாங்கள்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன். நான் தவறாகச் சொன்னேன். என்னை மன்னிக்கும்படி கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

என் தொழில் தோழர்களே! மேலே தெரிந்தால் போதுமா, மேலே இருக்க வேண்டாமா? தூக்கி வைத்த எண் அடுக்காகிவிடுமா? குறிமொழியில் நாம் ஒரு கூரையைப் போட்டு, இரண்டு பக்கமும் அணைத்து வைக்கும்போது, 'இது இதற்கு அடுக்கு' என்று ஓர் உறவைச் சொல்கிறோம். அந்த உறவைக் கண்ணும் படிக்கும், காதும் படிக்கும், விரலால் தடவிப் படிப்பவரும் படிப்பார். நாம் கையால் தூக்கி வைக்கும்போது உறவைச் சொல்வதில்லை. உறவு இருப்பதுபோல் ஒரு தோற்றத்தைத்தான் வைக்கிறோம். அன்று நான் "அணைச்சிட்டேன்" என்று சொன்னேனே, அதுவும் ஒருவகையில் உண்மைதான். சேர்த்துப் பிடிக்கிற அணைப்பைப் போடவில்லை. ஒருவர் வாழ்க்கையில் எரிந்துகொண்டிருந்த ஒரு விளக்கை அணைத்தேன். அதுவும் எதற்காக? ஒரு பதிவேட்டில் ஒரு வரி வரக்கூடாது என்பதற்காக!

இன்று காலை, விடுமுறை என்றும் பாராமல் அலுவலகத்துக்குப் போனேன். காவலர், "என்னம்மா, ஞாயித்துக்கிழமை கூடவா?" என்றார். பதிவேட்டைத் திறந்தேன். ஏழு மாதத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமையைத் தேடி எடுத்தேன். என் பெயரை எழுதினேன். 'ஆறு இடங்களில் அணைப்பு விடுபட்டது. கையால் தூக்கி மறைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். எனக்கு இரண்டு வரி தேவைப்பட்டது.

இதோ என் கையில் இருப்பது ஒரு கடிதம். தேர்வு நடத்தும் அலுவலகத்துக்கு எழுதியது. முப்பத்தேழாம் வினா அச்சில் ஒன்றாகவும் ஒலியில் வேறொன்றாகவும் போனது எப்படி என்று, கோத்தவள் என்ற முறையில் நானே எழுதியிருக்கிறேன். பழைய கோப்பும் இணைத்திருக்கிறேன். என் கையெழுத்து இருக்கிறது. ஆனால் பிரிவுத் தலைவர் மேலொப்பம் இல்லாமல் இது வெறும் காகிதம். கெடு நாளைக்கு ஐந்து மணி. தலைவர் ஐயா, அந்தக் கேடயத்தைத் தரத்தானே என்னை மேடைக்கு அழைத்தீர்கள்? அது அங்கேயே இருக்கட்டும். அதற்குப் பதிலாக எனக்கு உங்கள் கையெழுத்தைத் தாருங்கள்.

என்ன ஐயா? "இங்கயேவா?" என்று கேட்கிறார். ஆமாம் ஐயா, இங்கேயேதான். தனியறையில் கேட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்பீர்கள். நானும் சரி என்று தலையாட்டிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால்தான் இத்தனை பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

படிக்கிறார். படிக்கட்டும். பொறுமையாகப் படியுங்கள் ஐயா. பெயர் கெடுவது எனக்கு மட்டுமில்லை, பிரிவுக்கும்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பூதக்கண்ணாடி அண்ணன் எழுந்துவிட்டார். அண்ணே, எங்கே போகிறீர்கள்? மேடைக்கா வருகிறீர்கள்? என்னது? "மெய்ப்புப் பாத்தவன் கையெழுத்தும் வேணும்ல, தள்ளும்மா" என்கிறார். அண்ணே... ஒலிபெருக்கியில் என் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைவரும் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். போட்டுவிட்டார்! இப்போது தட்டுங்கள் ஐயா, இப்போது தட்டுங்கள்! எனக்காக அல்ல, அந்த இரண்டு கையெழுத்துக்காக.

இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி. நாளைக்கு அந்த அலுவலகம் என்ன முடிவு எடுக்கும் என்பது என் கையில் இல்லை. ஆனால் ஏழு மாதமாக நான் அந்தப் பெண்ணுக்கு ஒரு கேள்வி பாக்கி வைத்திருக்கிறேன். சரியாகக் கேட்காத கேள்வி. அதை இப்போது சரியாகக் கேட்கப் போகிறேன். அவையோர் கொஞ்சம் அமைதி காக்க வேண்டும். ஒலிபெருக்கியை அந்த மூன்றாம் வரிசைக்குக் கொஞ்சம் கொண்டுபோங்களேன்; நான் உரக்கவே பேசிக்கொள்கிறேன்.

அம்மா, முப்பத்தேழாம் வினா. இரண்டின் அடுக்குப் பத்து, கூட்டல், இரண்டின் அடுக்குப் பத்து. எவ்வளவு?

"இரண்டின் அடுக்குப் பதினொன்று, அக்கா!"

கேட்டீர்களா? நான் கேள்வியை முடித்த மறுநொடியே வந்துவிட்டது விடை! இவர்தான் கணக்குச் சொல்லித் தரத் தகுதி இல்லாதவர் என்று ஒரு மதிப்பெண்ணால் தீர்ப்பாகியிருக்கிறது!

இந்தக் கேள்வியைக் கேட்கும்வரை இடையில் எழுந்து போகாமல் இருந்த பெரியோர்களுக்கும், என்னோடு சேர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்ட தாய்மார்களுக்கும், பத்து நிமிடத்தைத் தாண்டியும் இரண்டாவது சீட்டு அனுப்பாத விழாக் குழுவினருக்கும், இந்த மேடையில் என்னைக் கீழே இறங்க விடாமல் தாங்கிய தலைவருக்கும் அண்ணனுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. நாளைக் காலை அலுவலகம் திறக்கும்போது இந்தக் கடிதத்தோடு நானும் அந்தப் பெண்ணும் வாசலில் நிற்போம். போகிற பேருந்தை ஓட்டப் போகிறவர் அதோ, தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார். இப்போதாவது என்னைப் பார்க்கிறார்.

வணக்கம்.